சாரலில் விழாத லேபிள்

வேதியியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும்,

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பொதுவாகத் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. நான் ஓய்வு பெற்றவளும் இல்லை. ஆறு வருடம் அந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருந்துவிட்டு நானாகவே விட்டு வந்தவள். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசித்து இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆனாலும் உங்களில் ஒருத்தியான ஜெனிபர் போனில் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாரல் தொடங்கிய வாரம் அவள் கூப்பிட்டாள். அதுவரை நாங்கள் முன்பின் பார்த்ததில்லை. ஆய்வகப் பணியாளர் பேச்சியம்மா அக்காவிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறாள்.

“அக்கா, பாட்டில் லேபிள்லாம் நனைஞ்சு விழுந்து கெடக்குக்கா. பச்ச மையில எழுதி மெழுகு பூசுனது மட்டும் ஒண்ணுகூட விழல. அதெல்லாம் நீங்க ஒட்டுனதாம்லா? அடுத்த வாரம் ஆய்வுக்குழு வருது. உங்க லேபிள அப்படியே பாத்து லிஸ்ட் போட்டுரலாமாக்கா?”

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் வந்துவிட்ட பிறகும் என் கையெழுத்து அந்த அலமாரியில் நிற்கிறது. அடுத்த நொடியே பயமும் வந்துவிட்டது.

“ஒண்ணையும் நம்பாத ஜெனிபர். ஏன்னு எழுதி அனுப்புதேன்” என்றேன்.

அதுதான் இது.

ஆய்வகத்தின் மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்தால் ஆனி, ஆடியில் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். குற்றாலத்தில் கூட்டம் குளிக்கிற அதே சாரல்தான் காற்றோடு வந்து நம் அலமாரிக்குள்ளும் புகும். வீட்டில் உப்பு ஜாடி கசிகிற மாதிரி இங்கே பாதி உப்புகள் கசியும். மைதாப் பசை புளித்து, லேபிள்கள் வழுக்கிக்கொண்டு கீழே வரும். நான் சேர்ந்தபோது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விழுந்த லேபிளை, அது எந்தப் பாட்டிலின் காலடியில் கிடக்கிறதோ அதிலேயே திரும்ப ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெரும்பாலும்.

எனக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை. நான் சந்தேகப் பிராணி. ஒரு நாள் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேஸை அணைத்தேனா என்று பார்க்கக் கீழப்பாவூர் வீட்டுக்கே திரும்பிப் போனவள். கரைசல் தயாரித்தால் மூன்று முறை எடை பார்ப்பேன். பேச்சியம்மா அக்கா என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்.

“வந்துட்டாட்டி சந்தேகம். ஏட்டி செல்வி, தாலி கட்டும்போதும் இவருதானா மாப்பிள்ளைன்னு ரெண்டு தடவ கேட்டியோ?”

“ஒரு தடவதான்க்கா கேட்டேன்.”

“பொறவு எப்படி நம்புன?”

ஆய்வகமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் வலிக்காமல் இல்லை.

நான் அங்கே இருந்த கடைசி வருடம். ஐந்து மாதக் கர்ப்பம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதமும் அதுவே. ஆய்வுக்குழு வரப்போகிறது, எல்லா வேதிப்பொருளுக்கும் பட்டியல் வேண்டும் என்று துறைத்தலைவர் மேடம் சொல்லியிருந்தார்கள். நான் இனி விழவே விழாத லேபிள்களாக ஒட்டுவது என்று முடிவு செய்தேன். பச்சை மையில் எழுதி, நல்ல பசையால் ஒட்டி, மேலே மெழுகுவர்த்தியை உருக்கித் தூரிகையால் ஒரு பூச்சு. ஒரு வாரம் அதே வேலை.

வெள்ளிக்கிழமை பின்பக்க மர அலமாரிக்கு வந்தேன். இரண்டாம் தட்டில் ஒரே அளவில் இரண்டு பழைய பழுப்புப் பாட்டில்கள். இரண்டிலும் மஞ்சள் உப்பு. லேபிள்கள் இரண்டும் விழுந்து, இரண்டு பாட்டில்களுக்கும் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்று பொட்டாசியம் குரோமேட். இன்னொன்று யுரேனைல் நைட்ரேட்.

யுரேனியம் என்றதும் பயந்துவிடாதீர்கள். பழைய கல்லூரி ஆய்வகங்களில் அதன் உப்புகள் இருந்ததுண்டு. உரத்தில் எவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் அது பயன்பட்டிருக்கிறது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமேற்றவும் யுரேனியச் சேர்மங்களைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பாட்டிலை யாரும் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. எலுமிச்சை மஞ்சள். வெயிலில் பிடித்தால் அந்த மஞ்சளின் ஓரத்தில் ஒரு பச்சை ஓடும். குரோமேட்டில் அது ஓடாது. காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். குரோமேட் அவ்வளவு ஆகாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த இரண்டு அடையாளமே போதும். ஆனால் அன்று வெயிலே இல்லை. மலை தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. ஈரத்தில் இரண்டுமே கட்டிதட்டிப் போயிருந்தன.

பக்கத்து அறையில் புற ஊதா விளக்குப் பெட்டி இருந்தது. எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். எழுந்தேன்கூட.

“என்ன, அதயும் ஒருக்கா பாக்கப் போறியாக்கும்?” என்றார் பேச்சியம்மா அக்கா. “சாயங்காலத்துக்குள்ள அலமாரிய முடிக்கணும்னு மேடம் சொல்லிருக்காவ. வயித்துப் புள்ளயும் உன்ன மாதிரி, பொறக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே கெடக்கப் போவுது.”

உட்கார்ந்துவிட்டேன். அக்காவைக் குறை சொல்லவில்லை. எல்லாரும் கேலி செய்கிற அந்தக் குணத்தை ஒரே ஒரு முறை உதறிப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. மூடியில் கறை அதிகம் இருந்த பாட்டில்தான் அடிக்கடி திறக்கப்பட்டது, ஆகவே அதுதான் குரோமேட் என்று ஒரு கணக்குப் போட்டேன். எழுதி, ஒட்டி, மெழுகு பூசினேன். ஒரு தவறை விழாதபடி ஒட்டிவைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாமாண்டு மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு. தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்க்கிற சோதனை. சில துளி குரோமேட்டைச் சேர்த்து, பியூரெட் குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குளோரைடு முடிந்ததும் செங்கல் சிவப்பு வரும். குரோமேட் கரைசலைக் காலையில் நான்தான் தயாரித்தேன். கையுறை டிராயரில் இருந்தது. அவசரத்தில் போடவில்லை. கட்டியை உடைக்கும்போது விரலில் கொஞ்சம் ஒட்டியது. கழுவினேன். பிறகு மதியம் தயிர்ச்சாதம் சாப்பிட்டேன், கையால்.

வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் இருக்கும்.

“மிஸ், எனக்குச் செவக்கவே மாட்டேங்கு.”

“எனக்கும் மிஸ். பால் மாதிரி வெள்ளையாவே நிக்கி.”

“ஏட்டி, நீ எத்தன மில்லி விட்ட? நான் முப்பது விட்டுட்டேன். பியூரெட்டே காலி.”

ஒரு மேசையில் சிவக்கவில்லை என்றால் மாணவியின் தவறு. ஆறு மேசையிலும் சிவக்கவில்லை என்றால் அது என் தவறு. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வயிற்றில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அது தற்செயலாக இருக்கலாம்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. முதலாவதை விடப் பெரியது. அந்த நிமிடமே நான் கையைத் தூக்கி, “எல்லாரும் நிறுத்துங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருவேளை வெள்ளி நைட்ரேட் பழசோ, உறுதி செய்துகொண்டு சொல்லலாமே என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டிய சந்தேகம் செவ்வாய்க்கிழமை வந்தது.

விளக்குப் பெட்டிக்குள் பாட்டிலைத் திறந்து வைத்து, துவாரத்தின் வழியே பார்த்தேன்.

பச்சை. இலைப் பச்சையோ பாசிப் பச்சையோ இல்லை. உள்ளிருந்தே எரிகிற மாதிரி ஒரு பச்சை. ஒவ்வொரு துகளும் தனித்தனியாக ஒளிர்ந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த என் விரலின் நக ஓரத்தில் சிறு புள்ளியாக அதே பச்சை இருந்தது. அப்போது எனக்குள் வந்தது பயம் மட்டும் என்று சொன்னால் பொய். இவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. கண்ணை எடுக்க இரண்டு மூச்சு நேரம் பிடித்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது மூன்று மாணவிகள் குடுவையைத் தொட்டியில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். புதிதாக ஒருமுறை செய்து பார்க்கலாம் என்று.

பேச்சியம்மா அக்கா என் முகத்தைப் பார்த்தே ஓரமாக இழுத்தார். விஷயத்தைக் கேட்டதும் குரல் தணிந்துவிட்டது.

“ஏட்டி, மிச்சத்தயும் கீழ ஊத்திட்டு வேற கரைசல் போட்டுக் கொடு. அடுத்த வாரம் ஆளு வருது, உனக்கு இந்த மாசம் கையெழுத்து ஆவணும். யாருக்குத் தெரியப் போவுது?”

அக்கா எனக்காகத்தான் சொன்னார். சரியான குரோமேட் பாட்டில் அலமாரியில் இருந்தது. புதுக் கரைசலுக்குக் கால் மணி நேரம் போதும். சிவப்பு வந்துவிடும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் உண்மையிலேயே அலமாரிப் பக்கம் இரண்டு அடி வைத்தேன். ஆனால் என் நக ஓரத்தில் இருந்த புள்ளி இந்தப் பிள்ளைகளில் யாருக்கெல்லாம் இருக்குமோ. அவர்களும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் இந்தக் கையால்தான் சாப்பிடுவார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு அம்மாவின் பிள்ளை.

“யாரும் எதையும் கீழ ஊத்தாதீங்க. குடுவைய அப்படியே மேசையில வச்சுட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்றேன். பேச்சியம்மா அக்காவிடம், “மேடத்தக் கூப்பிடுங்கக்கா” என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்.

மேடம் வந்து கேட்ட கேள்விகளின் வரிசை எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. முதலில், “யாராவது இந்தக் கரைசல வாய் வச்சு உறிஞ்சீங்களா?” இல்லை, துளிக் குழாயால்தான் விட்டார்கள். இரண்டாவது, “தொட்டியில எத்தனை குடுவை போச்சு?” மூன்று. மூன்றாவது, “பாட்டில் எங்க?” நான்காவதாகத்தான், “எப்படி ஆச்சு செல்வி?”

மனிதர், வடிகால், பொருள், கடைசியில் காரணம். எந்த விபத்தானாலும் இந்த வரிசைதான். நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

அந்தத் தொட்டியின் குழாயை மூடினோம். கையுறை போட்டு, குடுவைகளில் இருந்ததையெல்லாம் ஒரு பெரிய ஜாடியில் சேர்த்தோம். தொட்டிக்கு அடியில் வளைகுழாயில் தங்கியிருந்த நீரையும் கழற்றிப் பிடித்தோம். மாணவிகள் வேறு தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொருத்தியாக விளக்குப் பெட்டியில் கையை வைத்துக் காட்டினார்கள். ஒருத்தியின் வளையலில் மட்டும் பச்சைப் பொட்டு இருந்தது. அதையும் கழுவினோம். மேடம் அன்றே முறைப்படி எழுதி அனுப்பினார்கள். கடிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘தவறு செய்தவர்’ என்று இல்லை, ‘தவறைக் கண்டு தெரிவித்தவர்’ என்று இருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

சில வாரங்கள் கழித்து, கதிரியக்கத்தை அளக்கிற மானியோடு இரண்டு பேர் வந்து மேசை, தொட்டி, அலமாரி எல்லாம் அளந்தார்கள். பாட்டிலையும் ஜாடியையும் மூடி முத்திரையிட்டு எடுத்துப் போனார்கள். அவர்களில் ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “இதோட கதிர் பெரும்பாலும் ஒரு காகிதத்தையே தாண்டாதும்மா. தோலையும் தாண்டாது. உள்ள போனாத்தான் யோசிக்கணும். அதுவும் கதிர விட, கன உலோகங்கிறதால சிறுநீரகத்துக்குத்தான் கெடுதல். நீங்கதான் கை கழுவிட்டுச் சாப்பிட்டிருப்பீங்களே?”

அங்கேதான் நான் நின்றுவிட்டேன். கழுவினேன். அது நினைவிருக்கிறது. சோப்புப் போட்டேனா? மூன்று மணிக்கு அந்தப் புள்ளி நகத்தில் இருந்ததே. அப்படியென்றால் பன்னிரண்டரைக்கு? தயிர்ச்சாதம் பிசைந்தபோது?

மேடம் என்னைத் தேற்றப் பார்த்தார்கள். “உங்கப்பா ஐந்தருவியில பழக்கடை வச்சிருந்தார்லா? கரண்ட் போனா கேஸ் லைட் ஏத்தியிருப்பார். அந்த மேண்டில்ல என்ன இருந்துச்சு?”

தோரியம். எனக்குத் தெரியும். துணி வலையைத் தோரியம் நைட்ரேட்டில் ஊறவைத்து உலர்த்துவார்கள். முதல் முறை பற்றவைக்கும்போது நூல் எரிந்துபோகும். தோரியம் ஆக்சைடு மட்டும் வலையின் வடிவத்திலேயே சாம்பலாக நிற்கும். அவ்வளவு சூட்டிலும் உருகாமல் அந்தச் சாம்பல்தான் வெள்ளையாக ஒளி கொடுக்கும். அதுவும் கதிரியக்கம் உள்ளதுதான். அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“உடைஞ்ச மேண்டில என்னப்பா செய்வீங்க?”

“என்ன செய்ய? அங்கனயே ஊதித் தள்ளிட்டு மங்குஸ்தான அடுக்குவேன். ஏம்மா?”

“நான் அப்போ எங்க இருப்பேன்?”

“நீ லைட்டுக்கு அடியிலதான் உக்காந்து கணக்கு எழுதுவ. உனக்கு என்ன கேடு வந்துட்டு இப்போ? நல்லாத்தான இருக்க?”

பாதி ஆறுதல், பாதி புதுக் கவலை.

மருத்துவர் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். அத்தை நரசிம்மர் கோவிலுக்கு வேண்டிக்கொண்டார்கள். வேலையை விடச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நானேதான் எழுதிக் கொடுத்தேன். மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு, “யோசிச்சுதான் எழுதுனியா?” என்றார்கள். “ஆமா மேடம்” என்றேன். வாழ்க்கையில் நான் மறுபடி யோசிக்காமல் செய்தவை இரண்டு. ஒன்று அந்த லேபிள், இன்னொன்று இந்தக் கடிதம்.

ஆதிரா நல்லபடியாகப் பிறந்தாள். விரல்களை எண்ணினேன். இப்போது நான்கு வயது. எங்கள் வீட்டிலேயே சத்தமாகப் பேசுகிறவள் அவள்தான். ஆனாலும் அவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அந்தத் தயிர்ச்சாதம் வந்து முன்னால் நிற்கும். நான்கு வருடமாக அவளைத் தொடுவதற்கு முன் மூன்று முறை கை கழுவுகிறேன். என் புறங்கை எப்போதும் வெடித்தே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தென்காசிக்குப் பஸ்ஸில் போகும்போது கல்லூரி வாசல் வந்தால் என் தலை தானாகத் திரும்பும். இரண்டாம் மாடி, மேற்கு ஜன்னல். யார் அங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். மஞ்சள் தூள் டப்பாவைத் திறக்கும்போது, இதை விளக்குப் பெட்டிக்குள் வைத்தால் எப்படி ஒளிரும் என்று தோன்றும். சமையலறை டப்பாக்களுக்குப் பச்சை மையில் எழுதி மெழுகு பூசியிருக்கிறேன். என் கணவர் சிரிப்பார். அமிலமும் ஈரமும் கலந்த அந்த வாடை, பியூரெட் முனையில் விழலாமா வேண்டாமா என்று நிற்கிற துளி, ஒரே ஒரு சொட்டில் நிறம் மாறுகிற அந்த நொடி. என் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் விட்டு வந்தது இவற்றையெல்லாம். அவளுக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. எனக்குத்தான் அங்கே இடம் இல்லாமல் போனது.

ஜெனிபரிடம் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்து நானே திரும்பக் கூப்பிட்டேன். “சனிக்கிழமை நான் வரட்டுமா? என் லேபிளையெல்லாம் நானே ஒருக்கா சரிபாத்துத் தாரேன்.” மேடத்திடம் கேட்டுச் சொன்னாள். வரச் சொன்னார்களாம்.

ஆதிராவைக் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சியம்மா அக்கா வராந்தாவில் அவளை மடியில் வைத்துக்கொண்டார். “ஏட்டி, உங்கம்மா இப்பவும் கேஸ அணச்சமான்னு திரும்பிப் போவாளா?” “ஆமா, டெய்லி!” என்று அவள் கத்தினாள்.

ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துச் சோதித்தோம். எல்லாம் சரியாகவே இருந்தன, கடைசியில் அந்தப் பழுப்புப் பாட்டில் வரும்வரை. அது சரியாக இல்லை என்று சொல்ல வரவில்லை. அதை எடுக்க எனக்கு நேரம் ஆனது. பொட்டாசியம் குரோமேட், என் பச்சை மை, என் மெழுகு. அன்றைய விபத்துக்குப் பிறகு திருத்தி ஒட்டியது.

“இது மேடமே பாத்ததுதானக்கா, விட்டுருவோமா?” என்றாள் ஜெனிபர்.

“ஒரு நிமிஷம்தான்” என்றேன்.

கையுறை போட்டு, ஒரு சிட்டிகையை வாலை வடிநீரில் கரைத்து, வெள்ளி நைட்ரேட் துளியை ஜெனிபரை விடச் சொன்னேன். துளி முனையில் தொங்கியது. விழுந்தது.

“செவந்துட்டுக்கா!”

நான்கு வருடம் தாமதமாக வந்த செங்கல் சிவப்பு. சோதனைக் குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

ஆகவே, நான் ஒட்டியதாக இருந்தாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் யார் சிரித்தாலும் அந்தப் பத்தடியை நடந்துவிடுங்கள். தவறு நடந்துவிட்டால் முதலில் நிறுத்துங்கள், பிறகு உறுதி செய்யுங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும்போது கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குப் போனேன். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நக ஓரம் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். பழக்கத்தில் கை மறுபடி சோப்புக்குப் போனது. வராந்தாவிலிருந்து ஆதிரா, “அம்மா, பஸ் போயிரும்!” என்று கூப்பிட்டாள்.

குழாயை மூடினேன். ஒரு தடவைதான் கழுவியிருந்தேன். அந்த ஈரக் கையோடு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.